குதிநாண் வலியோடு தொண்டு மரதனுக்குத் தயாராதல்: திருகோணமலை ஓட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏதேனும் ஒரு நற்பணிக்கு நிதி திரட்டித் தருவதாகச் சொல்லி முழு மரதனுக்கு, அதாவது 42.195 கிலோமீற்றருக்கு, பெயர் கொடுத்துவிட்டு, குதிக்காலின் பின்புறத்தில் மாறாத ஒரு வலியையும் வைத்துக்கொண்டு பயிற்சி செய்பவர்களுக்காக இந்த விளக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. முழங்கால், இடுப்பு, உள்ளங்கால் வலிகளுக்கு இங்கே சொல்லப்படும் எல்லாம் பொருந்தாது. வைத்தியரோ இயன்மருத்துவரோ உங்கள் காலைத் தொட்டுப் பார்த்துச் சொன்னது இதற்கு மாறாக இருந்தால், அவர் சொன்னதையே கேளுங்கள்.

காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது முதல் சில அடிகள் நொண்டி நடக்கிறேன். ஓடத் தொடங்கும்போது வலிக்கிறது, பிறகு மறைகிறது, ஓடி முடித்துச் சில மணி நேரத்தில் திரும்பி வருகிறது. இது என்ன?

கெண்டைக்கால் தசைகளைக் குதி எலும்போடு இணைக்கும் தடித்த நாணில், அதாவது குதிநாணில், ஏற்படும் நாட்பட்ட நோவின் வழக்கமான போக்கு இதுதான். நாணைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மெதுவாகக் கிள்ளிக்கொண்டே மேலிருந்து கீழே வந்து பாருங்கள். குதி எலும்பிலிருந்து இரண்டு முதல் ஆறு சென்றிமீற்றர் வரை உயரத்தில் ஓரிடம் தடித்தும் நோகும்படியும் இருந்தால் அது நடுப்பகுதி நோவு. எலும்போடு நாண் சேரும் இடத்திலேயே வலித்தால் அது பொருத்துமுனை நோவு. இவ்விரண்டுக்கும் பயிற்சியில் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அதைக் கீழே சொல்லியிருக்கிறேன். ஆகவே எது உங்களுடையது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டினால் இயன்மருத்துவப் பிரிவுக்கு அனுப்புவார்கள், அதற்குக் கட்டணம் இல்லை. காத்திருக்க வேண்டிவரும் என்பது உண்மை, ஆனால் மரதனுக்கு மாதக்கணக்கில் தயாராகிறவருக்கு ஒரு காலைப்பொழுது பெரிய இழப்பல்ல.

ஒரு மாதம் முழு ஓய்வு எடுத்தால் ஆறிவிடாதா?

வலி குறையும். நாண் உறுதிப்படாது. முற்றாக ஓய்ந்திருக்கும் நாண் பாரம் தாங்கும் பழக்கத்தை இழந்துவிடுவதால், ஓய்வு முடிந்து முதல் நெடுந்தூர ஓட்டம் ஓடிய மறுநாளே அதே வலி அதே இடத்தில் வந்து நிற்பதைப் பலரிடம் காணலாம். அதற்காக வலியைப் பொருட்படுத்தாமல் ஓடு என்றும் பொருளல்ல. நாண் தாங்கக்கூடிய அளவுக்குப் பாரத்தைக் குறைத்து, அந்த அளவை வாரா வாரம் சிறிது சிறிதாக உயர்த்துவதே வழி. வலி மிகக் கடுமையாகி, நடக்கும்போதே நொண்ட வேண்டியிருந்தால் மாத்திரம் ஓட்டத்தைச் சில நாட்கள் நிறுத்தலாம்.

எவ்வளவு வலி வரை ஓடலாம்?

மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதற்கு நீங்கள் கொடுக்கும் பதிலில்தான் போட்டி நாள் வரை போய்ச் சேருவீர்களா என்பது தங்கியிருக்கிறது.

வலியே இல்லாததை 0 என்றும், நினைத்துப் பார்க்கக்கூடிய மிகக் கொடிய வலியை 10 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 2007 இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், குதிநாண் நோவு உள்ளவர்களில் ஒரு குழுவினர் இந்த அளவில் 5 வரை வலியை அனுமதித்து, மறுநாள் காலைக்குள் அது தணிந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஓட்டத்தையும் துள்ளலையும் தொடர்ந்தார்கள். மற்றக் குழுவினர் முதல் ஆறு வாரங்கள் அவற்றைத் தவிர்த்தார்கள். இரு குழுவினரும் ஒரேவிதமாக உறுதிப் பயிற்சி செய்தார்கள். ஓடியவர்கள் ஓடாதவர்களைவிடப் பின்தங்கவில்லை. வலியோடு ஓடுவதே தவறு என்ற பழைய கருத்தை அந்த ஆய்வு பெரிதும் மாற்றியது.

ஆனாலும் 5 என்ற எல்லையை நம்மூரில் அப்படியே எடுத்துக்கொள்ள நான் சம்மதிக்க மாட்டேன். "சும்மா கொஞ்சம் இழுக்குது, பெரிசா ஒண்டுமில்லை" என்று சொல்லிக்கொண்டே நொண்டுகிறவர்கள் நாம். மரதன் பயிற்சியில் இருப்பவர் ஓடும்போது 3 ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பானது.

அந்த இலக்கத்தைவிடவும் நம்பத்தக்கது மறுநாள் காலை. குதிநாண் ஓடும்போது பொய் சொல்லும்: உடல் சூடேறியதும் வலி மறைந்துவிடும். உண்மையை அடுத்த நாள் படுக்கையை விட்டு எழும்போதுதான் அது சொல்லும். எனவே தினமும் காலையில், தேநீர் குடிக்கும் முன்னரே, முதல் பத்து அடிகளின் வலிக்கு ஓர் இலக்கம் கொடுத்து, விறைப்பு எத்தனை நிமிடம் நீடித்தது என்பதையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். வழக்கமான அளவே என்றால் திட்டப்படி போகலாம். வழக்கத்தைவிட இரண்டு புள்ளி கூடினாலோ, விறைப்பு இரட்டிப்பாக நீடித்தாலோ, முந்திய ஓட்டம் அதிகமாகிவிட்டது. அடுத்த ஓட்டத்தைப் பாதியாக்குங்கள். மூன்று காலைகள் தொடர்ந்து மோசமானால் அந்த வாரத்தின் நெடுந்தூர ஓட்டத்தை விட்டுவிடுங்கள். பயிற்சி அட்டவணையை யார் எழுதித் தந்திருந்தாலும் சரி, அந்தக் கொப்பிக்குத்தான் மேலதிகாரம்.

நாணை உறுதிப்படுத்த என்ன பயிற்சி செய்வது?

படிக்கட்டு ஒன்றும், பிடித்துக்கொள்ள ஒரு சுவரும் போதும். நோகும் காலின் முன்பாதத்தைப் படியின் விளிம்பில் ஊன்றி, இரு கால்களாலும் எம்பி உயர்ந்து, பின்னர் நோகும் காலால் மாத்திரம் பாரத்தைத் தாங்கி, குதி படிக்குக் கீழே போகும் வரை மெல்ல இறங்குங்கள். பதினைந்து தடவை ஒரு சுற்று, அப்படி மூன்று சுற்று, முழங்காலை நேராக வைத்து ஒருமுறை, சற்று மடக்கி ஒருமுறை, காலையிலும் மாலையிலும், பன்னிரண்டு வாரம். சுவீடனைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் அல்பிரட்சனும் அவருடைய குழுவினரும் 1998 இல் வெளியிட்ட முறை இது. முழங்காலை மடக்கிச் செய்வதை அலட்சியம் செய்ய வேண்டாம். கெண்டைக்காலின் ஆழத்தில் இருக்கும் தசை அப்போதுதான் கூடுதலாக வேலை செய்கிறது, நெடுந்தூர ஓட்டத்தில் பெரும்பாரத்தைத் தாங்குவதும் அந்தத் தசைதான்.

வேலை, பிள்ளைகள், ஓட்டம் எல்லாவற்றுக்கும் நடுவில் நாளுக்கு இரண்டு தடவை செய்வது பலருக்கு இயலாது. பாரத்தைக் கூட்டி, ஏற மூன்று விநாடி, இறங்க மூன்று விநாடி என்று மிக மெதுவாக, வாரத்தில் மூன்று நாட்கள் மாத்திரம் செய்யும் முறையும் ஏறத்தாழ அதே பலனைத் தருகிறது. உடற்பயிற்சி நிலையம் தேவையில்லை. பிள்ளையின் பழைய பாடசாலைப் பையில் ஐந்து கிலோ அரிசியை வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு தொடங்குங்கள். எளிதானதும் அதைப் பத்தாக்குங்கள். பை முதுகோடு ஒட்டியிருக்க வேண்டும், தொங்கி ஆடினால் இடுப்பு நோகும்.

மேலே சொன்ன வேறுபாடு இங்கேதான் வருகிறது. எலும்போடு சேரும் இடத்தில் வலி உள்ளவர்கள் குதியைப் படிக்குக் கீழே இறக்கக் கூடாது. அப்படி இறக்கும்போது நாண் எலும்போடு அழுந்தி நோவு கூடும். அவர்கள் சமதரையில் நின்று எம்பி, தரைமட்டம் வரை மாத்திரம் இறங்க வேண்டும். கெண்டைக்காலை நெடுநேரம் இழுத்து நீட்டுவதையும் அவர்கள் விட்டுவிடுவது நல்லது.

வாரத்துக்கு எத்தனை நாள் ஓடலாம்?

மூன்று. ஓடி முடித்த பின் முதல் ஒரு நாள், ஒன்றரை நாள் வரை நாணில் புதிய நார் உருவாவதைவிட உள்ள நார் சிதைவதே கூடுதலாக இருக்கும். அதன் பின்னரே கட்டமைப்பு மேலோங்கும். நாள்தோறும் ஓடுகிறவர் அந்தச் சிதைவின் மேலேயே மறுபடி பாரத்தை ஏற்றுகிறார். இரு ஓட்டங்களுக்கு இடையில் ஒரு முழு நாளாவது விடுங்கள். இடைப்பட்ட நாட்களில் சைக்கிள் ஓடலாம், நீந்தலாம்.

செவ்வாயும் வியாழனும் மெதுவான நடுத்தர ஓட்டம், ஞாயிறு நெடுந்தூர ஓட்டம் என்று வைத்துக்கொள்வது வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒத்துவரும். வேகப் பயிற்சியை முதலில் கைவிடுங்கள். வேகம் கூடக் கூட ஒவ்வோர் அடியிலும் நாணில் விழும் பாரமும் கூடுகிறது. நான்கு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடக்கும் முறையை நெடுந்தூர ஓட்டத்தில் தொடக்கத்திலிருந்தே கடைப்பிடியுங்கள். களைத்த பிறகு நடப்பது வேறு, களைக்கும் முன்னரே நடப்பது வேறு. மிக நீண்ட ஓட்டம் 28 முதல் 30 கிலோமீற்றர் வரை போனால் போதும், அதையும் போட்டிக்கு மூன்று வாரம் முன்னரே முடித்துவிட வேண்டும். 35 ஓடாவிட்டால் 42 முடியாது என்று சொல்பவர்களுக்கு நாண் வலி வந்ததில்லை.

திருகோணமலையில் எந்த இடத்தில் ஓடுவது நல்லது?

உட்துறைமுக வீதி. சமதரை, கடற்காற்று, அதிகாலையில் வாகனம் குறைவு. போய்த் திரும்பிப் பலமுறை ஓடச் சலிப்பாக இருக்கும் என்பது மெய்தான். ஆனால் வலி திடீரென்று கூடினால் வீட்டுக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருப்பீர்கள். காயத்தோடு ஓடுகிறவருக்கு இதைவிட முக்கியமான வசதி வேறில்லை.

பிரெட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோயில் வரை ஏறும் பாதையை இந்த ஊரில் ஓடுகிற எல்லோரும் விரும்புவார்கள். மரங்களின் நிழல், வீதியோரமாக மேயும் புள்ளிமான்கள், உச்சியில் கடல். குதிநாண் நோவு உள்ளவர் அங்கே நடந்து போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம், ஓடி ஏறக் கூடாது. ஏற்றத்தில் குதி தாழ்ந்து முன்பாதம் உயர்ந்திருப்பதால் நாண் நீண்ட நிலையிலேயே பாரத்தைத் தாங்க நேர்கிறது.

உப்புவெளிக் கடற்கரை இன்னொரு ஆசை. மணல் மெத்தென்று இருப்பதால் காலுக்கு இதம் என்று நினைத்து, வலி வந்த பிறகு தார்வீதியை விட்டு மணலுக்கு மாறுகிறார்கள். நடப்பது நேர்மாறு. குதி மணலில் புதையப் புதைய, அதை மேலே இழுக்க நாண் கூடுதலாக உழைக்கிறது. ஈரமணல் கெட்டியாக இருந்தாலும் அது கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் மேலேயும் மற்றக் கால் கீழேயுமாக ஓட வேண்டிவரும். மணல் வேண்டாம், அதே கடலை நீரில் ஓடும் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். மே முதல் செப்டெம்பர் வரை இந்தப் பக்கக் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். மிதவை அங்கியை இடுப்போடு கட்டி, கால் நிலத்தில் படாத ஆழத்தில், ஓடுவதைப் போலவே கை காலை அசைத்து அரை மணி நேரம் நின்றால் மூச்சு நன்றாக வாங்கும், நாணில் பாரம் விழாது. நீச்சல் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

நெடுந்தூரத்துக்கு நிலாவெளி வீதி பொருத்தமானது. நகரிலிருந்து நிலாவெளி ஏறத்தாழ 15 கிலோமீற்றர், வீதி சமமானது. வீதியோரச் சரிவில் ஒரே பக்கமாக நெடுநேரம் ஓடாமல், வாகனம் இல்லாத இடத்தில் நடுவாக ஓடுங்கள். இருட்டில் ஓடினால் ஒளிரும் மேலங்கி கட்டாயம், கட்டாக்காலி மாடுகள் வீதியிலேயே படுத்திருக்கும். நாய் துரத்தினால் திடீரென்று வேகமெடுக்க வேண்டாம்: நின்று திரும்புவது நாய்க்கும் நல்லது, நாணுக்கும் நல்லது.

கச்சான் காற்றுக் காலத்தில் எப்படிப் பயிற்சி செய்வது? மாரி மழையில்?

கச்சான் வீசும் மாதங்களில் காலை ஏழரைக்கே வெயில் சுட்டுவிடும். வறண்ட காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் எவ்வளவு வியர்த்தது என்றே தெரியாது. நாலரைக்குத் தொடங்கி ஆறரைக்குள் முடிக்கப் பாருங்கள். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் நிறை பார்த்தால் இழந்த நீரின் அளவு தெரியும். ஒரு கிலோ குறைவது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீருக்குச் சமம். தேசிக்காய்ச் சாற்றில் உப்பும் சீனியும் சேர்த்துக் குடிப்பதும், ஜீவனி என்ற உப்பு-சீனிக் கலவைப் பொதியைக் குறித்த அளவு நீரில் கரைத்துக் குடிப்பதும் நல்லவை. செவ்விளநீரில் பொற்றாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம் ஆதலால் அதை மாத்திரம் நம்ப வேண்டாம். தாகத்துக்கு மேல் வெறும் தண்ணீரை லீற்றர் லீற்றராகக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கமும் வலிப்பும் வரலாம்.

நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. தேங்கிய நீருக்கடியில் குழி தெரியாது, வழுக்கிக் கால் மடங்கினால் பயிற்சி அத்தோடு முடிந்தது. அந்த நாட்களில் படிக்கட்டுப் பயிற்சியைச் செய்து, ஓட்டத்தை மழை விட்ட நாளுக்குத் தள்ளிப்போடுங்கள்.

சப்பாத்தை மாற்றினால் வலி போகுமா?

போகாது, குறையலாம். குதிப்பக்கம் முன்பாதத்தைவிட 10 மில்லிமீற்றர் அளவு உயர்ந்த சப்பாத்து நாணின் இழுவையைச் சற்றுக் குறைக்கும். பொருத்துமுனை நோவு உள்ளவர்கள் இரண்டு கால்களிலும் குதித் தாங்கி வைத்துப் பார்க்கலாம். ஓட்டச் சப்பாத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, மிச்ச நேரம் முழுவதும் தேய்ந்து தட்டையான இறப்பர்ச் செருப்போடு கடைக்கும் சந்தைக்கும் போய்வருவதில் பொருளில்லை. காலையில் விறைப்பு அதிகமாக இருந்தால் வீட்டுக்குள்ளும் குதி உயர்ந்த செருப்புப் போடுங்கள். போட்டிக்கு முந்திய மாதத்தில் புதுச் சப்பாத்துக்கு மாற வேண்டாம்.

எண்ணெய் தேய்த்து உருவினால்? கன்னியா வெந்நீரில் குளித்தால்?

கெண்டைக்கால் தசையை எண்ணெய் போட்டு மெதுவாக உருவுவதில் தீங்கில்லை; தசை தளரும், நித்திரை நன்றாக வரும். நோகும் நாணையே பெருவிரலால் அழுத்தித் தேய்ப்பதை மாத்திரம் அனுமதிக்காதீர்கள். கன்னியாவின் ஏழு கிணறுகளும் அப்படித்தான்: வெந்நீர் விறைப்பைத் தணிக்கும், நாணின் நார்களை மாற்றாது. ஞாயிறு ஓட்டம் முடிந்து குடும்பத்தோடு போய்க் குளித்து வருவதற்கு நல்ல இடம்.

ஓடும் முன் வலி மாத்திரை போடலாமா? ஊசி?

வேண்டாம். இபுப்ரோபென், டைக்ளோபெனாக் போன்றவை வலியை மறைத்து, கொப்பியில் எழுதும் இலக்கத்தைப் பொய்யாக்கிவிடும். வெயிலில் நீரிழந்த நிலையில் நெடுந்தூரம் ஓடும்போது அவை சிறுநீரகத்துக்கும் கேடு விளைவிக்கக்கூடும். நாணுக்குள் ஸ்ரெரோயிட் ஊசி போட்டால் சில வாரங்கள் சுகமாக இருக்கும், நாண் அறுந்துபோகும் அபாயமும் இருக்கும். பலரும் அறியாத இன்னொன்று: சிப்ரோபுளொக்சசின் போன்ற சில நுண்ணுயிர்கொல்லி மாத்திரைகள் குதிநாணைப் பலவீனப்படுத்தக்கூடியவை. சிறுநீர்த் தொற்றுக்கோ வயிற்றோட்டத்துக்கோ வைத்தியரிடம் போகும்போது, நாண் நோவு இருப்பதையும் மரதன் பயிற்சி செய்வதையும் தவறாமல் சொல்லுங்கள்.

எப்போது உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்?

பின்னாலிருந்து யாரோ உதைத்ததைப் போல அல்லது "டக்" என்ற சத்தத்தோடு திடீர் வலி வந்து, அதன் பின் அந்தக் காலால் எம்பி நிற்க முடியாவிட்டால் நாண் அறுந்திருக்கலாம். அன்றே போக வேண்டும். கெண்டைக்கால் வீங்கிச் சூடாகி, ஓய்விலும் நோகுமானால் இரத்தக் கட்டியா என்று பார்க்க வேண்டும். அதோடு மூச்சுத் திணறலும் சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. எலும்பில் ஒரே புள்ளியில் வலித்து, இரவில் நித்திரையைக் குழப்புமானால் அது நாண் நோவல்ல, எலும்பில் மயிரிழை வெடிப்பாக இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

நோன்பு காலத்தில் பயிற்சியை எப்படி மாற்றுவது?

தூரத்தைக் கூட்டும் மாதமாக ரமழானை வைத்துக்கொள்ள வேண்டாம். ஏற்கெனவே எட்டிய தூரத்தைக் காப்பாற்றிக்கொண்டால் போதும். நோன்பு திறந்து, இலேசாகச் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துக் குறுகிய ஓட்டமும், தராவீஹ் தொழுகைக்குப் பின்னர் படிக்கட்டுப் பயிற்சியும் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து ஓட்டக்காரர்கள் பலருக்கு ஒத்துவருகின்றன. கந்தசஷ்டி விரதம் ஆறு நாட்களே ஆதலால் அந்த வாரத்தை ஓய்வு வாரமாக்கிவிடலாம்.

நிதி தந்தவர்களிடம் காயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? ஓட முடியாமல் போனால் பணத்தை என்ன செய்வது?

தொடக்கத்திலேயே சொல்லுங்கள். "ஓடி முடித்தால் தருகிறேன்", "கிலோமீற்றருக்கு இவ்வளவு" என்ற வாக்குறுதிகள் கேட்க உற்சாகமாக இருக்கும், ஆனால் 30 ஆவது கிலோமீற்றரில் நொண்டிக்கொண்டிருப்பவரை நிற்கவிடாமல் துரத்துபவையும் அவைதான். பணத்தை ஓட்டத்தின் முடிவோடு கட்டாமல், எந்தப் பணிக்குப் போகிறதோ அதனோடு கட்டிக் கேளுங்கள். கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் உறவினர்கள் நீங்கள் எத்தனை மணி நேரத்தில் ஓடினீர்கள் என்று பார்த்துத் தருவதில்லை. இயன்றவரை பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகாமல், தொண்டு அமைப்பின் வங்கிக் கணக்குக்கு நேரே போகச் செய்து பற்றுச்சீட்டை அவர்களையே கொடுக்கச் சொல்லுங்கள். அப்படியானால் நீங்கள் விலக நேர்ந்தாலும் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்ற சங்கடம் எழாது.

முழு மரதனுக்கு நாண் இடந்தராது என்று ஆறு வாரத்துக்கு முன்னரே தெரிந்துவிட்டால், 21.1 கிலோமீற்றர் அரை மரதனுக்கு மாற்ற முடியுமா என்று ஏற்பாட்டாளர்களிடம் கேளுங்கள். நடப்பதும் ஒரு வழிதான். 2016 இல் பருத்தித்துறையிலிருந்து தெற்கே தேவேந்திரமுனை வரை நடந்து, கராப்பிட்டியப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி திரட்டினார்கள். அதில் ஒருவரும் நேரத்தை அளக்கவில்லை.

போட்டி நாளில் வலி வந்தால்?

முதல் சில கிலோமீற்றரில் வரும் வழக்கமான இறுக்கத்துக்குப் பயப்பட வேண்டாம், தூக்கத்திலிருந்து எழும்போது வருவதும் அதுதான். நடை மாறத் தொடங்கிவிட்டதா என்பதையே கவனியுங்கள். நொண்டத் தொடங்கினால் நடக்கவும். நடந்தும் நொண்டினால் அடுத்த முதலுதவிக் கூடாரத்தில் நிறுத்திவிடவும். எந்த நிலையில் நிற்பேன் என்பதை முதல் நாளே கூட வருபவரிடம் சொல்லி வைப்பது நல்லது. 30 கிலோமீற்றர் ஓடிய மூளை நியாயமாக யோசிக்காது.

முடித்த பிறகு எப்போது மீண்டும் ஓடலாம்?

காலை விறைப்பு பயிற்சிக் காலத்தில் இருந்த அளவுக்கு இறங்கிய பின், இரண்டு வாரத்துக்கு முன்னதாக அல்ல. முதல் ஓட்டம் இருபது நிமிடம், சமதரையில். படிக்கட்டுப் பயிற்சியை மாத்திரம் நிறுத்த வேண்டாம். போட்டி முடிந்த மகிழ்ச்சியில் அதை விட்டுவிடுபவர்களுக்கு வலி சில மாதங்களில் திரும்பி வருவது வழக்கம். வாரத்தில் இரண்டு நாள், அரிசிப் பையோடு, இன்னும் ஓராண்டுக்குச் செய்யுங்கள்.